ஒன்பதாம் நம்பர் மலையின் சிவப்பு நாடா

நாற்பது கிலோமீட்டர் மலைநடை விழாவின் கடைசி நிறுத்தம் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசல். ரூபினியும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்களும் காலையிலிருந்து அங்கே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஈப்போவிலிருந்து வந்த தனுஜா மட்டும் வரவில்லை.

அவள் கணவர் ஹரிதாஸ் ஆறிப்போன தேநீரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவிக்கு முழங்கால் வலி. மெதுவாக வா என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்துவிட்டார். அவளுடைய மழைச்சட்டைகூட அவர் பையில்தான் இருந்தது. இப்போது மலையெங்கும் பனி மூடிவிட்டது. கைப்பேசிக்கு அங்கே லைன் கிடையாது. விழாவை நடத்திய நபீலா, தேடுவதற்கு ஆட்களை ஆற்றோரப் பாதைக்கு அனுப்பியிருந்தாள். வழுக்கும் இடம் அதுதான்.

பாதை பிரியும் இடமெல்லாம் சிவப்பு நாடா கட்டியிருந்தோமே, எப்படித் தவறினாள் என்று நபீலா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அங்கே வந்த ரூபினியின் கணவன் தங்கராஜுவின் கை, தானாகவே கால்சட்டைப் பையைத் தொட்டது.

அவன் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவன். மருந்தடித்த தேயிலைப் பகுதிக்கு, அவர்கள் பேச்சில் மலைக்கு, சிவப்பு நாடா கட்டுவது அங்கே வழக்கம். நாடா இருந்தால் கொழுந்து பறிக்கும் பெண்கள் உள்ளே போகமாட்டார்கள். குறித்த நாள் கழிந்ததும் அதை அவிழ்த்துவிட வேண்டும். நான்கு நாள் விடுப்பு முடிந்து அன்று காலை வந்தவனுக்கு விழாவின் நாடா பற்றித் தெரியாது. மற்றவர்கள் கடந்துபோன பிறகு, மதியம், ஒன்பதாம் நம்பர் மலையில் மூன்று நாடாக்களைக் கண்டதும், கூட்டாளிகள் மறந்துவிட்டார்கள், பெண்களுக்கு வேலை கெடுமே என்று அவிழ்த்துக்கொண்டான்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தேடுகிறவர்கள் வேறு பக்கத்தில் அலைந்துகொண்டிருந்தார்கள். அவன் அம்மன் விளக்கை ஒருமுறை பார்த்தான். நாடாக்களை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"நான்தான் அவுத்தேன் நபீலாக்கா. மருந்து நாடான்னு நெனச்சிட்டேன். ஒன்பதாம் நம்பர்ல தேடச் சொல்லுங்க."

"மத்த நாள்ல பத்து தடவ சொன்னாலும் ஒரு வேல செய்யமாட்ட. இன்னிக்கின்னு பாத்துதானா?" என்றாள் ரூபினி.

ஹரிதாஸ் எழுந்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று தங்கராஜு தலையைக் குனிந்துகொண்டான். அவரோ அவன் தோளைப் பிடித்தார்.

"நீங்க நாடாவத்தான் அவுத்தீங்க தம்பி. நான் அவளயே விட்டுட்டு வந்தேன்லா."

கொப்புளக் காலோடு உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் சொல்லாமலே காலணிகளைத் திரும்ப மாட்டினார்கள். நாற்பது பேர் இருக்கும். தங்கராஜுவின் பின்னால் ஏறி, குரல் எட்டும் தூரத்துக்கு ஒருவராக, கோயிலிலிருந்து ஒன்பதாம் நம்பர் உச்சி வரை நின்றார்கள். வீங்கிய காலோடு ஏற முடியாத ஹரிதாஸ் கோயில் மணியை அடித்தார்.

நின்று கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. நீட்டிய கை தெரியாத பனி. நான்கரை ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. தூறல் தொடங்கியது. தங்கராஜுவுக்குத் தெரிந்த வேண்டுதலெல்லாம் தீர்ந்துவிட்டது. "தாயே" என்ற ஒரு சொல்தான் மிச்சம்.

எங்கிருந்தோ, நடப்பவர்களுக்கு விழாவில் கொடுத்திருந்த விசிலின் சத்தம் கேட்டது. அவன் கையை உயர்த்தினான். "சத்தம் போடாதீங்க" என்ற சொல் ஆள் மாறி ஆள் இறங்கிப் போக, கீழே மணியும் நின்றது. மறுபடி விசில். இடப்பக்கம், மழைநீர் ஓடும் காண் ஓரம்.

"அங்கயே இருங்கம்மா, வரோம்" என்று கத்திவிட்டு இறங்கத் திரும்பியவனின் கையில், பின்னால் நின்ற பெண் எதையோ திணித்தாள். கோயிலிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த தனுஜாவின் மழைச்சட்டை. உள்பக்கம் நனையாமல் மடித்துக் கொடுத்திருந்தார்கள்.