பெல்ட்டின் கடைசி முழம்

கறுப்புக் காரின் பின்சீட்டைக் கழற்றி வெயிலில் போட்டுவிட்டு, புஷ்பவல்லி மண்டியிட்டு உள்ளே தலையை விட்டாள். கையில் ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ், ஒரு ஸ்பூன். பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளி. தரைக் கம்பளத்துக்கு அடியில் சேறு காய்ந்து ஏடு ஏடாகக் கிடந்தது. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. நிலக்கரிச் சுரங்கத்து மண் கறுப்பு, பண்ருட்டிப் பக்கத்து மண் சிவப்பு. இது இரண்டும் இல்லை, சாம்பல் நிறம். போன கார்த்திகை வெள்ளத்தில் சென்னையில் நாலைந்து நாள் முழுகிக் கிடந்ததில் படிந்த மண்.

அப்படி முழுகின கார்களை இன்சூரன்ஸ்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட, முதலாளி ஏழு காரை எடுத்து, லாரியில் ஏற்றி, மந்தாரக்குப்பம் ரோட்டோரத்தில் பழைய கார் விற்கிற தன் யார்டில் இறக்கியிருந்தார். எல்லாம் வெளிநாட்டு வண்டி. ஒவ்வொன்றின் முன்கண்ணாடியிலும் ஒரு தங்க நிற ஸ்டிக்கர்: 'நூற்றைம்பது இடங்களில் சோதிக்கப்பட்டது.'

சேறு கழுவினால் போய்விடும். நாற்றம் போகாது. சென்ட், காப்பித்தூள், சூடம் எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் வழி சொன்னவள் புஷ்பவல்லிதான். அவள் பிறந்தது பலாத்தோப்புகள் சூழ்ந்த காடாம்புலியூர்.

"பலாப்பழத்த அறுத்து உள்ள வச்சி, கதவ சாத்தி, ரெண்டு நாள் வெயில்ல போடுங்க சார். எலி செத்துக் கெடந்தாகூடத் தெரியாது. எங்கூர்ல பொண்ணு பாக்க வராங்கன்னா சாக்கடையோரத்து வூட்டுக்காரங்க அப்பிடித்தான் பண்ணுவாங்க."

மேனேஜர் சிங்காரவேல் முதலில் சிரித்தார். மூன்றாம் நாள் கார்க் கதவைத் திறந்து மூக்கை நீட்டிவிட்டு, "மூளக்காரிம்மா நீ" என்றார், எல்லார் முன்னாலும். பதினோரு வருஷமாகக் கூட்டிப் பெருக்குகிறாள், அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் தம்பி வேணுவிடம் அதையே மூன்று தடவை சொன்னாள்.

வண்டியைச் சோதிக்கிறவன் தமிழ்மாறன். டிப்ளமோ படித்தவன், அவள் தெருப் பையன். சோதனைத் தாளில் நூற்றைம்பது கட்டம். டிக் எல்லாம் அச்சிலேயே வந்துவிடும். வண்டி நம்பரும் கையெழுத்தும்தான் அவன் போட வேண்டியது.

"குனிஞ்சிகூடப் பாக்கல, நூத்தம்பதும் சரின்னு போட்டுட்டியே தம்பி?"

"நான் எங்க போட்டேன் யக்கா? அது பொறக்கும்போதே டிக்கோடதான் பொறந்துது."

சீட் பெல்ட்டுகளை அவள் இழுத்து இழுத்துத் துடைத்தாள். கடைசி ஒரு முழத்தில் சேறு நூலோடு நூலாக ஊறியிருந்தது, தேய்த்தும் போகவில்லை. "அத்த வுடு. சுருண்டு உள்ள போயிடும். அது வரைக்கும் எவன் இழுத்துப் பாக்கப்போறான்" என்றார் சிங்காரவேல்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கான்ட்ராக்டர் அசோக்குமார் மனைவியோடு கார் பார்க்க வந்தார். அவர்களுக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, வேணு வந்தான். புஷ்பவல்லி துடைக்கிற துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். வேணு சுரங்க ஆபீசர்களுக்கு ஜீப் ஓட்டியவன். கான்ட்ராக்ட் கை மாறியதில் வேலை போய் ஏழு மாசம். இரண்டு பிள்ளைகள். "கார் எடுக்கறேன், நீதான் டிரைவரு, கூட வந்து பாத்துச் சொல்லு" என்று அசோக்குமார் சொல்லியிருந்தார். எந்த யார்டு என்று சொல்லவில்லை.

கறுப்புக் காரின் அருகில் வேணு வந்தபோது, கண்ணாடியைத் துடைப்பதுபோல் குனிந்து, "பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருடா" என்றாள்.

அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இழுத்தான். இழுத்துக்கொண்டே போனான். பார்த்தான். கையை விட்டதும் பெல்ட் சர்ரென்று உள்ளே போய்விட்டது.

"எப்பிடிடா இருக்குது?" என்றார் அசோக்குமார்.

"நல்லா இருக்குதுங்க சார்."

கை கழுவக் குழாயடிக்கு வந்தான். அவளும் வாளியோடு பின்னால் போனாள்.

"பாத்த இல்ல?"

"பாத்தேன்."

"அப்பறம் என்னாடா நல்லா இருக்குது?"

"கார் வேணாம்னு சொல்ற டிரைவர எவன்க்கா வேலைக்கி வெச்சிப்பான்?" விரல் இடுக்கில் ஒட்டியிருந்த சாம்பல் மண்ணைத் தேய்த்துக் கழுவினான். "நீ ஒண்ணும் பேசாத. உன் வேலயும் பூடும். நான் மெதுவா ஓட்டிக்கினு போறேன்."

அவள் திரும்பி வந்தபோது அசோக்குமாரின் மனைவி பின்சீட்டில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். "பலாச்சுள வாசனை மாதிரி எவ்ளோ மங்களகரமா இருக்கு!"

அசோக்குமார் புஷ்பவல்லியைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, தெனம் தொட்டுத் தொடைக்கிறவ நீ. வண்டி ராசியானதா?"

சிங்காரவேல் அவளைப் பார்த்தார். வேணு தரையைப் பார்த்தான்.

"ராசியான வண்டிங்க" என்றாள்.

இரண்டு மாசம் ஓடியது. வேணு மெதுவாகத்தான் ஓட்டினான். ஆடி நாலாந்தேதி உச்சி வெயிலில், கடலூரில் இருந்த அசோக்குமாரை அழைத்துவர வெறும் காரோடு போனான். குறிஞ்சிப்பாடி தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த விளக்குகள் எல்லாம் திருவிழாப் பந்தல்போல ஒன்றாக எரிந்தன. பிறகு ஒன்றாக அணைந்தன. என்ஜின் நின்றது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பிரேக்கின்மேல் ஏறி நின்று மிதித்தும், வண்டி போய்ப் புளியமரத்தில்தான் நின்றது. மோதினால் விரியும் என்ற காற்றுப்பை விரியவில்லை. கடலூர் ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

ஸ்டேஷனில் அசோக்குமார் சோதனைத் தாளைக் கொடுத்தார். பிரேக் சரி. ஸ்டியரிங் சரி. காற்றுப்பை சரி. "வண்டி பேர்ல தப்பில்லன்னா, ஓட்டுனவன் பேர்லதான் தப்பு" என்றார் புகார் எழுதின போலீஸ்காரர். அஜாக்கிரதை என்று வழக்கு. வேணு படுத்தபடியே கையெழுத்துப் போட்டான்.

புஷ்பவல்லி தமிழ்மாறனின் வாசலில் போய் நின்றாள். "ஸ்டேஷன்ல வந்து ஒரு வார்த்த சொல்லு தம்பி. நீ பாக்கவே இல்லன்னு சொல்லு. அது போதும்."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "தாள்ல என் கையெழுத்து இருக்குது யக்கா. சொன்னா என்னத்தான் உள்ள தள்ளுவாங்க. முதலாளி பேரு அதுல எங்கியும் இல்ல."

வேணு குடும்பத்துக்கும் சேர்த்து இப்போது அவள் ஒருத்தி சம்பளம்தான். ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

ஆடி முடிவதற்குள் கறுப்புக் கார் லாரியில் திரும்பி வந்தது. யார்டு முதலாளியே சல்லிசாக வாங்கிப் போட்டிருந்தார். நெளிவு எடுத்து, முன்பக்கம் மாற்றி, பெயின்ட் அடித்தாயிற்று. உள்ளே மட்டும் அப்படியே இருந்தது. புஷ்பவல்லி வாளியும் பிரஷுமாக டிரைவர் சீட்டுக்குக் கீழே குனிந்தாள். மிதிக்கட்டைகளைச் சுற்றிக் கறுத்து உறைந்திருந்ததைச் சூடு தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஸ்பூனால் சுரண்டினாள். அதுவும் ஏடு ஏடாகத்தான் வந்தது. நிமிர்ந்து, பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரைக்கும் இழுத்தாள். சாம்பல் மண் அதே இடத்தில் இருந்தது.

"புஷ்பவல்லி, பழம் வந்துடுச்சி பாரு. சீசன் கடேசி, இதுக்குமேல கெடைக்காது" என்று ஆபீஸ் ரூமிலிருந்து சிங்காரவேல் குரல் கொடுத்தார்.

அவள் கையை விட்டாள். பெல்ட் சர்ரென்று உள்ளே போயிற்று.

தமிழ்மாறன் ஒரு புதுத் தாளை பானட்டின்மேல் வைத்து, அவள் பக்கம் திரும்பாமல், வண்டி நம்பரை எழுதிக்கொண்டிருந்தான். புஷ்பவல்லி பலாப்பழத்தைச் சாக்கின்மேல் உருட்டி வைத்தாள். பால் ஒட்டாமல் இருக்க இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு, கத்தியை எடுத்தாள்.