நேர் விமானத்துக்கு ஒரு தேதி

1.

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பொம்மிடியில் என் அக்கா ராஜமேரி, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள். பதில் தெரியாததால் எழுத உட்கார்ந்தேன். கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. உள்ளொளி, தரிசனம் எல்லாம் விருது மேடையில் ஏறும்போது சேர்த்துக்கொள்வது.

கேள்வி இதுதான்: "ஆனந்து இப்ப வரட்டுமா, அப்புறம் வரட்டுமாடா?"

மரிய ஆனந்த் அவளுடைய மூத்த மகன். சான் பிரான்சிஸ்கோவில் வேலை. அவனுடைய அப்பா வியாகுலம், அதாவது என் மாமா, நுரையீரல் கெட்டு, உள்ளறையில் ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருக்கிறார். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகனால் ஒருமுறைதான் வர முடியும். அப்புறம் என்றால் எதற்கு அப்புறம் என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

2.

முதல் தொடக்கம்: 'பசிபிக் பெருங்கடலின் நீல விரிவின் மேல், மனிதகுலத்தின் மகத்தான...'

[கைவிட்டேன். 'மகத்தான' என்று எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது.]

இரண்டாவது: 'சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேர் விமானம் விட்டார்கள். நடுவில் எங்கும் இறங்க வேண்டாம்.' இது இருக்கட்டும். எல்லாக் கேடும் இந்த வசதியிலிருந்துதான் தொடங்கியது.

முன்பெல்லாம் இரண்டு ஊரில் இறங்கி ஏறி, வழியில் பெட்டியைத் தொலைத்து, ஒருவன் வந்து சேர்வதற்குள் ஊர் பொறுமை இழந்து அடக்கத்தை முடித்துவிடும். அந்தப் பயத்தில், தகப்பனுக்கு மூச்சு இருக்கும்போதே மகன்கள் கிளம்பி வந்தார்கள். பேசினார்கள், சண்டை போட்டார்கள், கஞ்சி ஊட்டினார்கள். இப்போது செய்தி போனால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடலாம். எனவே செய்தி போகும்வரை வரவேண்டியதில்லை.

விஞ்ஞானம் தூரத்தைக் குறைத்த விதம் இது.

3.

கதைக்கு ஒரு பெரிய மனிதர் வேண்டும். தேட வேண்டியிருக்கவில்லை. மாமாவின் தம்பி விக்டர் வந்து, இருப்பதிலேயே பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். சர்ச் பங்கில் உள்ள எல்லாக் கமிட்டிக்கும் அவரே தலைவர். தலைவராகாத கமிட்டி இருந்தால் அதை எதிர்ப்பவர்.

"அண்ணி, மூத்தவன் கையால மொதப் பிடி மண்ணு வுழணும்ங்க. அது இல்லேன்னா நாளைக்கிக் கல்லறைத் தோட்டத்துல நாம தலநிமிந்து நிக்க முடியுமா? அவன் அப்புறமே வரட்டும். ஏர்போர்ட்ல எறங்குனா நேரா கார்ல வந்துர்றான். மைக்ல சொல்லிரலாம், அமெரிக்காவுல இருந்து நேர் விமானத்துலன்னு."

"இப்ப வந்தா மைக்ல சொல்ல மாட்டீங்களா?" என்றேன்.

"அதுக்கு எதுக்குங்க மச்சான் மைக்கு?"

நியாயம்தான். படுத்திருக்கும் அப்பன் பக்கத்தில் மகன் உட்கார்வதைப் பார்க்க யார் பந்தல் போட்டுக் கூடப்போகிறார்கள்?

உள்ளறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது: "விக்டரு, ஐஸ் பெட்டில போட்டப்புறம் நான் அவசரப்பட மாட்டேன்னு சொல்லு. அவன் மெதுவாவே வரட்டும்."

விக்டர் சிரித்தார். அக்கா காம்பை ஒடித்துக்கொண்டிருந்தாள். இலை எப்போதோ தீர்ந்திருந்தது.

4.

ஆனந்தை வில்லனாக்கத்தான் திட்டம். கையில் காபி, பேச்சில் பாதி மூக்கு. சில வசனங்களைத் திருடிக்கொள்ளலாம் என்று வீடியோ காலில் அழைத்தேன்.

"மாமா, விசா பிரச்சன. ஒரு தடவ வந்துட்டுத் திரும்பறதே சந்தேகம். ரெண்டாவது தடவைன்னா வேலையே போயிரும். இப்ப வந்துட்டுப் போயி, அப்புறம் அப்பா... மண்ணு போட வரலைன்னு ஊர்ல அம்மாவத்தான பேசுவாங்க?"

"உங்கப்பாவக் கேட்டியா?"

"அத எப்படி மாமா கேக்கறது?"

முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. வில்லன் கெட்டுப்போனான்.*

(* அழுகிறவனை நையாண்டி செய்யத் தனித் திறமை வேண்டும். அது என்னிடம் உண்டு. அன்றைக்கு எடுக்க மனம் வரவில்லை.)

5.

முடிவு அ: இப்போது வருகிறான். அப்பாவும் மகனும் சில நாள் பேசுகிறார்கள். பிறகு ஒருநாள் முதல் பிடி மண்ணை விக்டர் போடுகிறார். ஊர் பேசுகிறது. வேறு விஷயம் கிடைத்ததும் நிறுத்துகிறது.

முடிவு ஆ: அப்புறம் வருகிறான். மைக், மாலை, ஃப்ளெக்ஸ், யூடியூப்பில் நேரலை. எல்லாரும் இருக்கிறார்கள், ஒருவரைத் தவிர.

முடிவு இ: மாமா தேறி எழுந்து...

[பொய். அடித்துவிட்டேன்.]

6.

கடைசியில் கதாபாத்திரத்தையே கேட்டுவிடுவது என்று உள்ளறைக்குப் போனேன். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் வரைபடம் என் போனில் உண்டு. ஒருநாள் விளையாட்டாகக் காட்டினேன். அதிலிருந்து தினமும் கேட்கிறார். கடலுக்கு மேல் மஞ்சளாக, ஈ அளவுக்கு, அந்த நேர் விமானம்.

"நீங்க சொல்லுங்க மாமா. எப்ப வரணும் அவன்?"

மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"மண்ணு போடவா ஆளில்ல? விக்டரு போடுவான், ஏறி மிதிக்கவும் செய்வான். ஆனந்து போன தடவ வந்தப்ப எனக்குச் சவரம் பண்ணி வுட்டான்டா. இங்க யாரு பண்ணாலும் மீசயக் கோணையா..." மூச்சு வாங்கியது.

"இத அவங்கிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம்."

"ஏன்?"

"வந்துருவான்."

7.

சொல்லக் கூடாது என்றார். அதனால் எழுதினேன். ஆனந்த் கதை படிப்பவன் அல்ல. நான் அனுப்பினால்தான் அவனுக்குப் போகும்.

இப்போது மாமா திரையில் விரலை வைத்திருக்கிறார். "இதுல அவன் இல்லதான?" என்கிறார். "இல்லைங்க மாமா" என்கிறேன். அப்போது அவர் முகம் போகும் போக்கை வர்ணிக்க மறுக்கிறேன். முடிவை எழுதவும் மறுக்கிறேன்.

நாளைக்கு நேர் விமானம் இல்லை. நாளை மறுநாள் உண்டு. இந்தக் கதையை அவனுக்கு அனுப்பட்டுமா? நீங்கள் சொல்லுங்கள். அக்கா பதிலுக்காக வாசலில் நிற்கிறாள்.