கற்பூரக் கமிஷன்

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சம்மதமா என்று முன்சீப் கேட்டதும், செல்லத்தங்கத்தின் வக்கீல் அவசரமாக அவள் பக்கம் குனிந்து, வேண்டாமென்று சொல் என்று கிசுகிசுத்தார். கிசுகிசுப்பு என்று பேர்தான். பெஞ்சுக்குக் கீழே மேஜையில் எழுதிக்கொண்டிருந்த கிளார்க் ஞானையனுக்கு அது தெளிவாகக் கேட்டது. கூண்டில் நின்ற அந்த விதவை வக்கீலைப் பார்க்கவில்லை, முன்சீப்பையும் பார்க்கவில்லை. எதிரே அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த வாதி பகவதியப்பன் பிள்ளையைத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரம் நன்றாகவே பார்த்தாள். பிறகு, "சம்மதம்" என்றாள். பேனாவை மையில் தோய்த்த ஞானையன், எழுதாமல் ஒரு கணம் நிறுத்தினான்.

வழக்கு ஒரு விளையைப் பற்றியது. தென்னையும் இரண்டு பலாவும் நிற்கிற சின்ன இடம், நடுவில் ஓலை வீடு. அது தன் பரம்பரைச் சொத்து என்றும், செல்லத்தங்கத்தின் புருஷன் தன் தயவில் குடியிருந்தவன் என்றும், அவன் செத்துப்போனதால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றும் பிள்ளை வழக்குப் போட்டிருந்தார். மாமனார் விலைகொடுத்து வாங்கிய இடம் என்பது அவள் கட்சி. இரண்டு பக்கத்திலும் காட்டுவதற்கு ஒரு காகிதம் கிடையாது. சாட்சிகள் என்று வந்தவர்கள் அவரவர்க்கு வேண்டியவர்களுக்காகப் பேசிவிட்டு, கோட்டாற்றில் காப்பி குடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அப்போதுதான் பிள்ளையின் வக்கீல் எழுந்து, சட்டத்தில் இடம் இருக்கிற ஒரு யோசனையைச் சொன்னார். என் கட்சிக்காரரின் ஊர்ப் பெரிய கோயில் நடையில் நின்று, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து, இந்த விளை என் புருஷனுடையது என்று அவள் சத்தியம் செய்யட்டும். செய்தால் என் கட்சிக்காரர் வழக்கை விட்டுவிடுவார். செய்யாவிட்டால் அவள் பேச்சை எப்படி நம்புவது என்பதைக் கோர்ட்டே முடிவு செய்துகொள்ளலாம்.

கேட்க எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோயில் தெரு தொடங்கும் இடத்தில் ஒரு பலகை நடப்பட்டிருந்தது. செல்லத்தங்கத்தின் ஜாதியில் பிறந்த யாரும் அந்தப் பலகையைத் தாண்டி ஒரு அடி வைக்க முடியாது. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றொன்று, ஆனி மாதம். வடக்கே வைக்கத்தில் கோயில் தெருவில் நடப்பதற்காகச் சத்தியாகிரகம் இருந்து முடித்து ஒரு வருஷம் ஆகவில்லை. நாஞ்சில் நாட்டில் இந்த ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்த மாதிரியே தெரியவில்லை. ஊரின் பெயரைச் சொல்ல வேண்டாம், சொன்னால் இன்றைக்கும் முகம் சுளிக்க ஆளிருக்கிறது. ஆக, அவள் மறுத்தால் பொய்க்காரி, சம்மதித்தால் போக வழியில்லாதவள். எப்படிப் பார்த்தாலும் விளை பிள்ளைக்குத்தான். ஞானையன் பதினாறு வருஷமாகக் கோர்ட்டில் எத்தனையோ கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்திருக்கிறான். இதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

முன்சீப் திருவல்லாப் பக்கத்துக்காரர், வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சாயங்காலம் ஞானையனை அறைக்குக் கூப்பிட்டு, சத்தியம் வாங்கி வருகிற கமிஷனராக அவனை நியமித்திருக்கும் உத்தரவைக் கையில் கொடுத்தார்.

"ஞானையன் போனா மதி, அது போதும். வேற ஆளு போனா சரியாகாது" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ரகளை ஒண்ணும் ஆகக்கூடாது. ஆச்சுதுண்ணா எனக்கு ஒண்ணும் அறியாது" என்றார்.

சுமையைத் தூக்கிப் பக்கத்து ஆள் தலையில் வைப்பதற்கு இவ்வளவு மரியாதையான வழி ஒன்று இருப்பதை ஞானையன் அன்று தெரிந்துகொண்டான்.

அவனை ஏன் அனுப்பினார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். அவனுடைய தாத்தாவும் செல்லத்தங்கத்தின் தாத்தாவும் ஒரே ஜாதி, பக்கத்துப் பக்கத்து ஊர். அவன் தாத்தா மிஷன்காரர்களோடு சேர்ந்து ஞானஸ்நானம் வாங்கினார். அவள் தாத்தா தலைப்பாகை கட்டிக்கொண்டு, அய்யா என்ற குருவை வணங்கும் அய்யாவழிக்குப் போனார். அதனால் ஞானையன் வேதக்காரன்; குடையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கோயில் தெருவில் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நோட்டீஸ் ஒட்ட எத்தனையோ தடவை நடந்திருக்கிறான். ஒரு தடவைகூட அந்தப் பலகையை நின்று வாசித்ததில்லை. அதை நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"காய்ச்சல்ணு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா என்ன?" என்றாள் அவன் மனைவி ராகேல். "கற்பூரத்துக்கு முன்ன போய் நிண்ணுட்டு வந்தா நம்ம சபை உபதேசியாரு சும்மா இருப்பாரா? அங்க உள்ளவனுவ கல்லெடுத்தா ஆரு கேக்கியது?"

"அவ சம்மதம்ணு சொன்னதை எழுதினது இந்தக் கையாக்கும். எழுதீட்டு, பாதி வழியில விட்டுட்டு ஓடச் சொல்லுதியா?"

ராகேல் துணிப்பெட்டியைத் திறந்தாள். "அப்ப அந்தப் பழைய கோட்டைப் போட்டுட்டுப் போங்க. கிழிஞ்சா புதுசாவது மிஞ்சும்" என்றாள்.

மறுநாள் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வயலையெல்லாம் படுக்கவைத்து அடித்துக்கொண்டிருந்தது. ஞானையன் போய்ச் சேர்ந்தபோது செல்லத்தங்கம் பலகைக்கு இந்தப் பக்கம், ஒரு பூவரச மரத்தடியில் நின்றிருந்தாள். சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் தூரத்தில் வரப்போரமாக உட்கார்ந்திருந்தார்கள். பலகைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அவளுக்காகவே அடித்ததாக இருக்கும்.

"கற்பூரம் உங்க ஆளுகளுக்கு வழக்கமில்லையே" என்றான் ஞானையன். கோர்ட்டில் அவளை நீ என்றுதான் சொல்லியிருந்தான். அங்கே எல்லோரையும் அப்படித்தான். இங்கே வாயில் அது வரவில்லை.

"கொளுத்தக் கூடாதுண்ணுதான் அய்யா சொல்லீருக்கு. அணைக்கதுக்கு ஒண்ணும் சொல்லல்ல" என்றாள் அவள். சிரிக்கவில்லை. "சாரே, நான் ராத்திரியே யோசிச்சு வச்சிட்டேன். நானா நடந்து போனா திமிருண்ணு சொல்லி அடிப்பாவ. நீங்க அங்க நடையில நிண்ணு, கோர்ட்டுல கூப்பிடுவீங்களே, அதே மாதிரி பேரு சொல்லிக் கூப்பிடணும். சர்க்காரு கூப்பிட்டா வந்துதானே ஆவணும்."

"கூப்பிட்டாலும் அடிக்கலாம்."

"அடிக்கட்டு. விளையை விட்டா பிள்ளையளக் கூட்டிட்டு நான் எங்க போய்க் கிடப்பேன்."

வேறு யோசனை அவனிடமும் இல்லை. இது நல்ல யோசனை என்றும் பட்டது. நல்லது என்பதாலேயே பயமாக இருந்தது. சரி என்று தலையசைத்துவிட்டுத் தெருவுக்குள் நடந்தான்.

கோயில் நடையில் ஊரே இருந்தது. பிள்ளை கல்யாண வீட்டுக்காரர் போல முன்னால் நின்று வரவேற்றார். கையில் ஒரு பெரிய கற்பூரக் கட்டி.

"வேய் ஞானையன், நல்ல பெருசாட்டு வாங்கீருக்கேன். அவ வாற வரைக்கும் எரியணும்லா."

கூட்டம் சிரித்தது. பூசை செய்யும் போத்தி தட்டைக் கொண்டுவந்து, ஞானையன் மேல் படாமல் வெளிப்படியில் வைத்துவிட்டு உள்ளே ஒதுங்கிக்கொண்டார். காற்றுக்கு மறைப்பாக யாரோ இரண்டு செங்கல்லை வைத்தார்கள். கற்பூரம் பற்றிக்கொண்டதும் பிள்ளை அங்கவஸ்திரத்தை உதறி, "கேட்டாச்சு, பாத்தாச்சு. வரல்லேண்ணு எழுதும் வே, வெயில்ல நிக்காண்டாம்" என்றார்.

"இன்னும் கூப்பிடல்லியே பிள்ளைவாள்" என்றான் ஞானையன்.

கிளார்க்காவதற்கு முன்னால் அவன் அதே கோர்ட்டில் சேவகனாக இருந்தவன். வராந்தாவில் நின்று அவன் பெயர் கூப்பிட்டால் மணிக்கூண்டு வரைக்கும் கேட்கும் என்பார்கள். அந்தக் குரலை அவன் வெளியே எடுத்து எட்டு வருஷமாகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பினான்.

"பிரதிவாதி செல்லத்தங்கம், ஆஜராகணும்."

தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் அது போனது. ஜன்னல்களில் பெண்களின் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அவன் பார்த்த பக்கம் பார்த்தது. பூவரசுக்குக் கீழே நின்றவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு பலகையைத் தாண்டி நடந்தாள். அவ்வளவுதான். ஒன்றும் இடிந்து விழவில்லை. பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சந்தைக்குப் போகிறவள் மாதிரி வந்தாள்.

முதலில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு ஒரு வீட்டிலிருந்து மாடு விரட்டும் கம்போடு ஒருவன் ஓடிவந்து அவளுக்கு முன்னால் நின்றான். அவள் நின்றாள். ஞானையன் படியை விட்டு இறங்கவில்லை. இறங்கி ஓடினால் அது கைகலப்பாகிவிடும், படியில் நின்றால் அது கோர்ட்டு. ஓடச் சொன்ன காலை அவன் அழுத்தி நிறுத்திவைத்தான்.

"பிரதிவாதி செல்லத்தங்கம், ஆஜராகணும்" என்று இன்னும் உரக்கக் கூப்பிட்டான். அதே குரலில், "அந்தக் கம்பு வச்சிருக்கவரு பேரு என்ன?" என்றான்.

"என்னத்துக்கு?" என்றான் கம்புக்காரன்.

"சர்க்காரு கூப்பிட்ட ஆளைத் தடுத்தவரு பேரை எழுதணும். தகப்பனாரு பேரும் வேணும்."

காகிதத்தை விரித்து, பென்சிலைக் கையில் எடுத்து, காத்திருந்தான். கையில் கம்பிருக்கிறவனுக்குக்கூடக் காகிதத்தில் பேர் ஏறுவது பிடிக்காது. கம்புக்காரன் பக்கத்து வீடுகளைப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பெயரையும் ஞானையன் கேட்டுவிடுவானோ என்று கதவுக்குப் பின்னால் ஒரு அடி வைத்தார்கள். கம்பு கீழே இறங்கியது. செல்லத்தங்கம் அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

இப்போது பிள்ளைக்கு வேர்த்தது. "வேய், எனக்கு இந்தச் சத்தியமே வேண்டாம். வாபஸ் வாங்கியேன். எழுதிக்கிடும்."

"அதை முன்சீப்பு முன்ன சொல்லணும். எனக்குச் சத்தியம் எடுக்கத்தான் உத்தரவு, நிறுத்த உத்தரவில்ல."

கூட்டத்திலிருந்த வயசான ஒருவர் பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருப்பினார். "இது ஆரு கேட்ட சத்தியம் வே? நீரு கேட்டதா?"

"நான்தான் கேட்டேன். அவ வருவாண்ணு ஆரு கண்டா."

"அப்ப நம்ம தெருவுக்கு அவளை நீரு கூப்பிட்டிருக்கேரு."

ஊர் முழுக்கப் பிள்ளையைத்தான் பார்த்தது. தீட்டுக் கழிக்கிற சுத்திகலசம், அதற்கான செலவு, அடுத்த ஊர்க்கூட்டத்தில் கேட்கப்போகிற கேள்விகள் எல்லாம் அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவதை ஞானையன் கண்டான். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு, மூன்றாம் தடவை கூப்பிட்டான். கூப்பிட வேண்டியிருக்கவில்லை, அவள் படிக்கு வந்துவிட்டிருந்தாள். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது.

அவன் வாசகத்தை வாசித்தான். அவள் திருப்பிச் சொன்னாள். "அய்யா அறிய" என்று உத்தரவில் இல்லாத இரண்டு வார்த்தையை முன்னால் சேர்த்துக்கொண்டாள். அதையும் அப்படியே எழுதினான். இந்த விளை என் புருஷனுக்க அப்பா வாங்கினது, இதில வேறொருத்தருக்கும் பங்கில்ல என்று சொல்லிவிட்டு, செங்கல்லுக்கு நடுவே இன்னும் நன்றாக எரிந்துகொண்டிருந்த பெரிய கட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பிள்ளை வாங்கிய கட்டி சீக்கிரம் அணைவதாக இல்லை. அவள் கையை எடுக்கவில்லை, முகத்தையும் சுளிக்கவில்லை. பல்லைக் கடித்தது மட்டும் கன்னத்தில் தெரிந்தது. புகை வந்து, நின்றது.

சாட்சியாகக் கையெழுத்துப் போட யாரும் முன்வரவில்லை. போத்தியைக் காணவே இல்லை. ஞானையன் காகிதத்தைப் பிள்ளையிடமே நீட்டினான். "நீரு பாத்ததுதானே" என்றான். பிள்ளை ஊரைப் பார்த்தார். ஊர் வேறு எங்கோ பார்த்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

இனி திரும்பிப் போவதுதான் பாக்கி. வந்ததைவிட அதுதான் கஷ்டம் என்று ஞானையனுக்குத் தெரியும். சத்தியம் முடிந்துவிட்டது, உத்தரவின் பலமும் முடிந்துவிட்டது. தெருவில் ஆட்கள் ஒன்றிரண்டாக வெளியே வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். காகிதத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்தபடி, வேகமா நடந்திருங்க என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தான்.

"சாரே" என்றாள் அவள். "வந்த வழியாத்தான் போணும்ணு உத்தரவில எழுதீருக்கா?"

அவன் உத்தரவை எடுத்துப் பார்க்கவில்லை. முந்தின ராத்திரியே அதை வரி வரியாக வாசித்திருந்தான்.

"இல்ல. போறதைப் பத்தி ஒண்ணும் எழுதல்ல."

அவள் பலகை இருக்கும் பக்கம் திரும்பவில்லை. கோயில் மதிலை ஒட்டி, தெற்குத் தெருவுக்குப் போகிற மூலையைப் பார்த்து நடந்தாள். ஞானையன் ஒரு கணம் படியிலேயே நின்றான். பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளோடு சேர்ந்துகொண்டான். கையில் உத்தரவு எதுவும் இல்லாமல் அவன் அந்தத் தெருவில் நடப்பது அதுதான் முதல் தடவை.

மூலை திரும்பியதும் கோயில் தேர் நின்றிருந்தது. ஓலை மறைப்பு காற்றில் ஒரு பக்கம் சரிந்து, ஆளுயரச் சக்கரங்கள் வெளியே தெரிந்தன. அவள் நின்றுவிட்டாள்.

"தேரோட்டத்துக்கு இதுக்க சத்தம் எங்க விளை வரைக்கும் கேக்கும். கண்ணால கண்டதில்ல" என்றாள்.

பின்னால் காலடிச் சத்தம் நெருங்கி வந்தது, ஒன்றல்ல, பல. ஞானையன் திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. கருகிய கையை மற்றக் கையில் தாங்கிக்கொண்டு, சக்கரத்தின் அச்சாணியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தட்டாக, உச்சிவரைக்கும் கழுத்தை நிமிர்த்தி அந்தத் தேரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.