பாண்டித்துரை கடைச் சாயா

மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்கு வந்தவருக்குச் சாயா வரும். அதைத் தொடாமல் எழுந்து போனால், 'உன் வாக்கை இனி நம்பமாட்டேன்' என்று ஊரறியச் சொன்ன மாதிரி. சுக்கு வியாபாரி சைபுதீன் அதைத்தான் செய்துவிட்டு வந்தார், கடை நிறைய ஆள் பார்க்க.

கடை, அதே தெருவில் ஏலக்காய் விற்கும் போடிக்காரர் பாண்டித்துரையுடையது. சைபுதீன் பிடித்த வெளிநாட்டு ஆர்டருக்கு அவர் சரக்குதான் போவதாக இருந்தது. ஏலக்காய்க்கு ஆய்வுக்கூட ரிப்போர்ட் கேட்டார்கள். "மெயில்ல அனுப்பிட்டேன் பாய்" என்றார் பாண்டித்துரை. வரவில்லை. "மறுபடியும் அனுப்பிட்டேன்" என்றார். அதுவும் வரவில்லை. ஆர்டர் கைவிட்டுப் போனது. 'வாட்ஸப்பில் போடு' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? "பொய் சொல்ற வீட்டுச் சாயா எனக்கு எறங்காது" என்று எழுந்துவிட்டார். அதற்கப்புறம் தரகர்களும் பாண்டித்துரை கடைப் படியேறவில்லை.

இன்றைக்குக் காலையில், சைபுதீன் கடையின் மெயிலைப் பார்த்துக்கொள்ளும் அவர் மகள் நௌரின் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அத்தா, தப்பு நம்ம பக்கம்."

"என்ன தப்பு?"

"மெயில் வந்தா, அனுப்பினவன் குப்பை மெயில்காரனான்னு நம்ம கம்ப்யூட்டர் ஒரு கறுப்புப் பட்டியல்ல கேக்கும். நல்லவனா இருந்தா 'அப்படி ஒரு பேரே இல்ல'ன்னு பதில் வரணும். நாம புதுசா மாத்தின இன்டர்நெட் கம்பெனி நடுவுல புகுந்து, இல்லாத பேருக்கெல்லாம் அவங்க விளம்பரப் பக்கத்தோட விலாசத்தைப் பதிலாக் கொடுக்குது. ஏதோ ஒரு விலாசம் வந்தாலே நம்ம கம்ப்யூட்டர் 'ஆமா, இவன் மோசக்காரன்'னு எடுத்துக்கும். மெயிலைக் குப்பையில தள்ளிடும்."

"மத்தவங்க மெயில் வந்துச்சே?"

"வெளிநாட்டுக்காரங்களை எல்லாம் 'கேக்காம உள்ள விடு'ன்னு முன்னாடியே போட்டு வெச்சிருந்தேன். பாண்டி மாமா நம்ம ஆளு, எப்பவும் வாய்ப்பேச்சுதானேன்னு அவரைப் போடல."

குப்பையில் ரிப்போர்ட் இரண்டு தடவை வந்து கிடந்தது. சாயாவை விட்டுவிட்டு வந்த மறுநாள் மூன்றாவது தடவையும் வந்திருந்தது. 'ஆர்டர் போனாப் போகுது பாய். நான் அனுப்பினது நெசம்னு நீங்க தெரிஞ்சுக்கிட்டாப் போதும்' என்று கீழே ஒரு வரி.

சைபுதீனுக்கு மகள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கேயோ ஒரு கம்பெனி செய்த கோளாறு என்று மனதைத் தேற்றப் பார்த்தார். ஆனால் பாண்டித்துரையை மோசக்காரன் என்று கம்ப்யூட்டர் சொன்னால், அதற்கு விவரம் கிடையாது; அப்படிச் சொல்ல இவருக்கு என்ன கேடு?

மத்தியானம் பஜார் சாப்பாட்டுக்கு அடங்கிய நேரமாகப் பார்த்துப் போனார். பாண்டித்துரை தனியாக உட்கார்ந்திருந்தார். சைபுதீன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"மன்னிச்சிரு பாண்டி. ஒரு சாயா குடு."

பாண்டித்துரை ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றி முன்னால் வைத்தார். பிறகு வெறிச்சோடிக் கிடந்த தெருவைப் பார்த்தார்.

"அன்னிக்குக் கடை நிறைய ஆளு இருந்துச்சு பாய்" என்றார் மெதுவாக.

சைபுதீன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். சாக்கின் மேல் உட்கார்ந்தார். சாயா ஆறி ஆடை படிந்தது. கடைசியில் எதிர்க்கடை ஷட்டர் ஏறியது. தரகர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

"வேற ஊத்தவா பாய்?"

"வேண்டாம். நான் விட்டுட்டுப் போனது இதுதான்."

கிளாஸை எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்று, தரகர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.