செனட்டரின் கையெழுத்து

மே மாதத்து மழை ஐந்தாம் நாளும் ஓயவில்லை. மலைமுடிப் பனியும் உடன் உருகி வந்து டன்னிங் அணையின் மண்கரையை நெருக்கிற்று. கரையடியில் காலையில் தெளிந்து கசிந்த நீர், நண்பகலில் செங்கலங்கலாய் மாறியிருந்தது. பள்ளத்தாக்கின் பண்ணை வீடுகள் எல்லாம் காலியாகிவிட, ஒரு வீட்டார் மட்டும் அசைய மறுத்தனர். அவர்களைக் கிளப்ப வல்லவர் தம் தந்தையே என்று கருதி, எண்பத்து நான்கு வயது ஹால்வர் ஸ்டென்சனை மகள் இங்கா அழைத்து வந்திருந்தாள்.

அவர் பதவி நீங்கிப் பதினெட்டு ஆண்டுகள். ஆயினும் மொன்டானாவில் இன்னும் செனட்டர்தாம். அப்பதவிக்கே நவம்பரில் இங்கா போட்டியிடுகிறாள். அவளுடைய துண்டறிக்கைகளின் கீழே தந்தையின் பழைய அலுவலகக் கடிதமொன்றிலிருந்து எடுத்த கையெழுத்துதான் பொறிக்கப்பட்டிருந்தது.

அவ்வீட்டின் கதவைத் திறந்த லாயல் பிரிக் உரக்கச் சிரித்தார். "அடடே, செனட்டரே! ஷெரீஃப் உங்களையும் மிரட்டி இழுத்துட்டு வந்துட்டானா?" என்றவர் உள்ளிருந்த மனைவியை அழைத்தார். "டெல்லா, காபி வை!"

"கிளம்புங்க லாயல். கரை தாங்காது," என்றார் ஹால்வர்.

"நீங்களே தாங்கும்னு எழுதிக் குடுத்தீங்களே!" அவர் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துள் இருபத்தாறு ஆண்டுப் பழைய கடிதம்: அணையின் ஆய்வறிக்கையை நானே படித்தேன்; அஞ்சாது வீடு கட்டுங்கள். "அத நம்பித்தான் அஸ்திவாரம் போட்டோம். அது பொய்னு சொல்லுங்க, இப்பவே வர்றேன்."

அக்கடிதத்தை ஹால்வர் இன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறார். வாஷிங்டனில் அவர் அலுவலகத்துப் பின்னறையில் ஓர் இயந்திரம் பேனா பிடித்து நாளொன்றுக்கு முந்நூறு கடிதங்களில் அவர் பெயரை எழுதிற்று.

வாசலில் ஷெரீஃபின் காவலன் செவிசாய்த்து நின்றான். இங்கா தந்தையின் முழங்கையைப் பற்றினாள். "அப்பா, வேற மாதிரி சொல்லிப் பாருங்க."

சன்னலுக்கு வெளியே மாடுகள் மேட்டு வேலியை ஒட்டி நெருங்கி நின்றன. ஒன்றேனும் மேயவில்லை.

"பொய்தான்," என்றார் ஹால்வர். "கையெழுத்து மெஷின் போட்டது. நான் உங்க கடுதாசியையும் பாக்கல, அறிக்கையையும் படிக்கல."

லாயலின் கண்கள் கனிந்தன. "எங்களக் கிளப்பறதுக்காக உங்க பேரையே கெடுத்துக்கிறீங்களே! பெரிய மனசு செனட்டரே. உக்காருங்க, டெல்லா சுட்ட ஆப்பிள் பை சாப்பிடுங்க."

ஈட்டிய நற்பெயர் இன்று உண்மையின் வாயை அடைத்தது. ஹால்வர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

இங்கா நெடுநேரம் கடிதத்தையே நோக்கினாள். பின் கோட்டுப் பையிலிருந்து மெல்லிய தாளிலான தன் துண்டறிக்கை ஒன்றை எடுத்து, அதன் கையெழுத்தைக் கண்ணாடியின் மீது பொருத்தினாள். வளைவோடு வளைவு, சுழியோடு சுழி, மயிரிழையும் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தது.

"மனுஷன் கை ரெண்டு தடவ இப்படிப் போடாது, மிஸ்டர் பிரிக்," என்றாள்.

டெல்லா அடுப்பை அணைத்தாள். லாயல் கோட்டை மாட்டிய விதத்தில், அவர் ஒரே கணத்தில் முதுமை எய்தியது தெரிந்தது.

வண்டியில் ஏறுகையில் டெல்லா அக்கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு கொணர்ந்து ஹால்வரின் மடியில் வைத்தாள். "உங்களுதுதான். வெச்சுக்குங்க."

மேட்டுச்சாலைக்கு ஒரு மைல் இருந்தது. இங்கா சாவியைத் திருகினாள். அப்போது அணைப் பக்கத்தில், மழையோசைக்கு அடியிலிருந்து வேறோர் ஓசை எழுந்தது. மாடுகள் யாவும் ஒருங்கே தலைதூக்கி, வேலியை முறித்துக்கொண்டு ஓடத் தொடங்கின.