கப்பலின் கடைசிப் பந்தி

கேப்டவுனிலிருந்து கப்பல் கிளம்பி இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. சேவூரில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த லாவண்யாவைத் தவிர அங்கே வேறு யாருக்கும் அது தெரியாது.

தெருமுனையில் அண்ணன் சதீஷ் கட்டிய பேனர் அவளை இன்னும் அண்டார்டிகாவுக்கு வழியனுப்பிக்கொண்டிருந்தது. இயந்திரம் பழுதாகிக் கப்பல் தள்ளிப்போன ஒவ்வொரு முறையும் தேதியின் மேல் புதுத் தாள் ஒட்டி, அந்த இடமே வீங்கிப்போயிருந்தது. பக்கத்தில் ஒரு பனிக்கரடி. அது வடதுருவத்துப் பிராணி என்று லாவண்யா முதல் நாளே முணுமுணுத்தாள்.

“வழியனுப்ப வந்திருக்குது. இருந்துட்டுப் போவட்டும்” என்றான் சதீஷ்.

பால் வாங்கப் போனால் எதிர்வீட்டு தனகோடி விடமாட்டார். “இன்னாம்மா, உன் கப்பலு ஆரணி பஸ் ஸ்டாண்டுலயே நின்னுகினு இருக்குதா?” அவள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

நேற்றே சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணி சூர்யகலா ஒரு குரங்குக் குல்லாயை அவள் தலையில் மாட்டி, “இத்த போட்டுகினு ஒரு போட்டோ அனுப்பணும், ஆமா” என்றாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

கப்பல் தாமதமானால் என்ன செய்வது என்று யோசிப்பதுதான் லாவண்யாவின் வேலை. கோவாவில், ஆய்வுக் குழுவின் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த மாற்றுத் திட்டத்தை அவள்தான் எழுதினாள். அண்டார்டிகாவில் கோடை குறுகியது. கடல் மறுபடி உறைவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஒரு வாரம் தாமதமென்றால், தண்ணீர் எடுத்துச் சோதிக்கும் இடங்களைக் குறைக்கலாம். மூன்று வாரத்தைத் தாண்டினால் தெற்குக் கோடியை விட்டுவிட வேண்டும்; அங்கே வேலை செய்யவிருந்தவர்களில் ஒருவரையும் இறக்கிவிட வேண்டும்.

யாரை? கல்யாண வீட்டில் விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில் உட்காருவார்கள். லாவண்யாவும் வெளியூர் ஆய்வாளர்களையெல்லாம் முதலில் உட்கார வைத்துவிட்டு, முதலில் இறங்க வேண்டிய கடைசி இடத்தில் தன் பெயரை எழுதினாள். “மேல போடுங்க மேடம்” என்று உடன் வேலை செய்யும் கிரண் சொல்லிப் பார்த்தான். அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஐந்து வருடமாக ஆசைப்பட்ட கடல். தாமதம் மூன்று வாரத்தைத் தாண்டியதும், அவள் எழுதிய விதியே அவளுக்கு மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது.

சதீஷ் தறியிலிருந்து எழுந்து வந்தான். “தேதி சொல்லும்மா. பேனர் கடைக்காரன், ‘உங்க தங்கச்சி போயி திரும்பியே வந்துட்டாங்களா’ங்கிறான்.”

“தெரியலண்ணா.”

“எவன் இந்தத் திட்டம் போட்டவன்? ஜரிகை வரலன்னா நாம தறிய நிறுத்தறமா? முந்தானைய அப்புறம் பாத்துக்கலாம்னு உடலை நெய்யறோம். இது கூடத் தெரியாதா அவனுக்கு?”

“தெரியும்ணா. இருக்கிற நாளுல முடிஞ்சத செய்யறதுதான் அந்தத் திட்டமே.”

“கிழிச்சான். பேஜார் புடிச்சவன்.”

சூர்யகலா முறத்தைக் கீழே வைத்தாள். “ஏங்க, இவ காதப் பாருங்களேன். திட்டறது யாரையோ, செவக்கறது இவளுக்கு!”

“அட!” சதீஷின் குரல் மாறிவிட்டது. “தெரிஞ்ச ஆளா? பேரு இன்னா? இன்னா படிச்சிருக்கறாரு?”

“ஐயோ, அப்படில்லாம் இல்லண்ணா!”

“ஜாதகம் வாங்கிடலாமா?” என்றாள் அண்ணி.

“அண்ணி, சும்மா இருங்க!”

மேசைமேல் இருந்த அவளது போனை சதீஷ் எடுத்துவிட்டான். “கோவா ஆபீசுன்னு போட்டிருக்குதே, இதானா? பயப்படாத, மரியாதையாத்தான் பேசுவேன். மொதல்ல மாப்ளன்னு கூப்பிடறேன். அப்புறமா என் தங்கச்சிய எப்போ கப்பல்ல ஏத்துவன்னு கேக்கறேன்.”

மறுமுனையில் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. லாவண்யா தாவிப் போனைப் பிடுங்கி அழைப்பைத் துண்டித்தாள். இத்தனை வருடத்தில் அண்ணன் கையிலிருந்து அவள் எதையும் பிடுங்கியதில்லை. இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

“கப்பலு நேத்தே போயிடுச்சுண்ணா” என்றாள். “திட்டம் போட்டது நான்தான். அதுல என் பேரை எடுத்ததும் நான்தான்.”