எண்ணூற்றுப் பதினொன்றின் முன்பக்கம்

அப்பா கண்ணை மூடிய பிறகு அண்ணனும் தம்பியும் சொத்தைப் பிரித்துக்கொண்ட நேர்த்தியைக் கடைத்தெருவில் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். தராசில் தண்டு பெரியவருக்கு, தட்டு இரண்டும் சின்னவருக்கு. அப்பாவின் தோல் செருப்பில் இடது கால் பெரியவருக்கு, வலது கால் சின்னவருக்கு. இரும்புக்கடை பெரியவருக்கு, தெருவின் மறுபக்கம் நேர் எதிரே இருந்த பெயிண்ட் கடை சின்னவருக்கு. அடுத்தவருக்கு ஒரு குண்டூசி கூடுதலாகப் போய்விடக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே மனசு.

கடைசியாக நின்றது அப்பாவின் பழைய கார். கிடங்கு சின்னவருக்கு என்று பேசி, கார் பெரியவர் பக்கம் வந்தது. சின்னவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். போனவர் திருப்புளியோடு திரும்பி வந்து, முன்பக்கத்து நம்பர் பிளேட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

“காரைத்தான் பேசினோம். நம்பரைப் பேசலையே. ரெண்டு பிளேட் இருக்கு, ஆளுக்கு ஒண்ணு.”

“தகரம்தானே, கொண்டுபோகட்டும்” என்றார் பெரியவர். இத்தனை வருஷ வியாபாரத்தில் விலை கேட்காமல் அவர் விட்டுக்கொடுத்த ஒரே சரக்கு அதுதான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

சின்னவர் அந்தத் தகட்டைத் துடைத்து, கல்லாவுக்கு மேலே தெருவைப் பார்த்து மாட்டி, அதற்கென்று ஒரு பல்பும் போட்டார். கறுப்பு எனாமலில் வெள்ளையாக 811. பெரியவர் தன் கல்லாவிலிருந்து நிமிர்ந்தால் முதலில் கண்ணில் குத்துவது அதுதான். அவர் போர்டு எழுதுகிறவரைப் பிடித்து ஒரு போலித் தகடு எழுதி வாங்கி, காரின் முன்பக்கம் மாட்டிச் சமாளித்தார்.

ஆனால் கைவிட்டுப் போன பிறகுதான் அந்த நம்பர் மேல் அவருக்குப் பித்துப் பிடித்தது. கடைப் பெயரையே ‘811 இரும்புக்கடை’ என்று மாற்றினார். மகள் கல்யாணப் பத்திரிகையிலும் அதைப் போட்டார். காரை வீட்டுக்காரம்மா “உங்க மூத்த தாரம்” என்றுதான் சொல்வாள். அந்த மூத்த தாரத்துக்கு என்ஜின் ஒரு வேனிலிருந்து வந்தது; சீட் மூடிப்போன சினிமா தியேட்டரிலிருந்து; கதவுகள் எங்கிருந்து என்று கேட்காமல் இருப்பது நல்லது. அப்பா காலத்துச் சாமான் என்று அதில் மிச்சம் இருந்தது பின்பக்கத்து நம்பர் பிளேட் ஒன்றுதான்.

இந்த நேரத்தில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. எல்லா வண்டிக்கும் புது நம்பர். அரதப்பழசான வண்டிகள் மட்டும், முன்னும் பின்னும் அசல் தகடு இருந்தால், பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம்.

போக்குவரத்து ஆபீசில் இன்ஸ்பெக்டர் காரின் முன்னால் குந்தினார். எழுந்து பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார்.

“என்ன சார், முன்னால இருக்கிற எட்டு விருந்து சாப்பிட்டிருக்கு, பின்னால இருக்கிற எட்டு பட்டினி கிடக்கு?”

“வெயில்ல கொஞ்சம் உப்பியிருக்கும் சார்.”

“எனக்கும் வெயில்தான், நான் உப்பலையே. ரெண்டும் அசலா கொண்டாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். இல்லேன்னா புது நம்பர்.”

“என்ஜினைப் பார்க்கலையா சார்?”

“என்ஜினை யார் கேட்டா?”

பெரியவருக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. “ரயிலு மாதிரி நீள நம்பர் கொடுப்பானாம். அதை எவன் ஞாபகம் வச்சுக்குவான்? நாளைக்கு என்னை எவன் ஞாபகம் வச்சுக்குவான்?”

“போய் உங்க தம்பிகிட்டக் கேளுங்க” என்றாள் வீட்டுக்காரம்மா.

“நானா? அவன்கிட்டயா?”

கடைசியில் அவள்தான் தெருவைக் கடந்தாள். பெரியவர் தகர வாளி அடுக்குக்குப் பின்னால் நின்று ஆணி பொறுக்குவது போல் காதைத் தீட்டிக்கொண்டார். எதிர்க்கடையில் தும்மினால் இங்கே கேட்கும். அவ்வளவு ஒடுக்கமான தெரு.

“வாங்க அண்ணி. பெயிண்டா, பிரஷ்ஷா?”

“பிளேட்டு.”

“அது விற்பனைக்கு இல்லையே.”

“மாமாவோட செருப்பு இருக்கில்ல, அந்த இடது காலைத் தர்றாராம்.”

“அதை வச்சு நான் என்ன அண்ணி பண்ண? யாரையாவது அடிக்கணும்னா வலது காலே போதும்.”

பெரியவர் விரலில் ஆணி ஏறியது.

“தராசுத் தண்டையும் சேர்த்துத் தர்றாராம்.”

“அதை நான் சொல்லலை!” என்று வாளிகள் கத்தின.

“எங்கேயோ தகரம் உருள்ற சத்தம் கேக்குது” என்றார் சின்னவர். “சரி, உங்க முகத்துக்காக. விற்க மாட்டேன். இரவல் தர்றேன். ஆனா பிளேட் போற இடத்துக்கெல்லாம் நானும் வருவேன். ஆபீஸ் வாசல்ல நானே மாட்டுவேன், இன்ஸ்பெக்டர் பார்த்ததும் நானே கழட்டுவேன்.”

வெள்ளிக்கிழமை சின்னவர் தகட்டைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். வீட்டுக்காரம்மா பின்சீட்டில், மொழிபெயர்ப்புக்கு.

“அண்ணி, கியர் கத்துது, மாத்தச் சொல்லுங்க.”

“அவன்கிட்டச் சொல்லு, அது கியர் இல்ல, கதவு.”

“கதவு ஏன் கத்துதுன்னு கேளுங்க.”

“ஆள் வெயிட்டு அந்த மாதிரின்னு சொல்லு.”

“ரெண்டு பேருக்கும் காது இருக்கு. என்னை விடுங்க” என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் இரண்டு தகடுகளையும் நகத்தால் சுண்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, திருகாணித் துளையில் கோத்து, முனையில் ஈயத்தை வைத்து நசுக்கி முத்திரை போட்டார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.

திருப்புளியோடு குனிந்த சின்னவர் அப்படியே நின்றார். “இது எதுக்கு சார்?”

“சீலை உடைச்சா பழைய நம்பர் போச்சு.”

“சார், என் பங்கு அதுல இருக்கு!”

“உங்க பங்கு இனிமே கார்ல இருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெரியவருக்கு உள்ளுக்குள் ஒரு தவில் கச்சேரியே நடந்தது. கடைத்தெரு வந்து சேரும் வரைதான். வந்த பிறகு சின்னவர் இறங்கவில்லை.

“என் சொத்து எங்கேயோ, நான் அங்கேதான் அண்ணி.”

அதோடு நிற்கவில்லை. பெயிண்ட் கேட்டு வந்தவர்களிடம் கார் ஜன்னல் வழியாகவே விலை சொல்ல ஆரம்பித்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர, வியாபாரம் சூடு பிடித்தது.

பெரியவர் துடித்தார். “என் சீட்டுல உட்கார்ந்து கடை நடத்துறான்! வாடகை கேளு!”

வீட்டுக்காரம்மா பானெட்டில் ஓங்கித் தட்டினாள். “ஒண்ணு பண்ணுங்க. காரைத் தெருவுக்குக் குறுக்கே போடுங்க. பின்பக்கம் இந்தக் கடையைப் பார்க்கட்டும், முன்பக்கம் அந்தக் கடையைப் பார்க்கட்டும். அவங்கவங்க பங்கு அவங்கவங்க கண்ணு முன்னால!”

அவள் நக்கலாகத்தான் சொன்னாள். இரண்டு பேரும் ஒரு நிமிஷம் யோசித்தார்கள். அடுத்த நிமிஷம் பெரியவர் டேப்பை எடுத்து வந்து ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைச் சின்னவர் பிடித்தார். இரண்டு பக்கமும் சம இடைவெளி விட்டுக் காரைக் குறுக்கே நிறுத்தினார்கள்.

மறுநாள் காலையில் தெரு முனை வரைக்கும் ஹாரன். பள்ளிக்கூட வேனும் பால் வண்டியும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. போக்குவரத்துப் போலீஸ்காரர் வியர்த்து வழிய வந்து சேர்ந்தார்.

“யார் வண்டி இது?”

பெரியவர் எதிர்க்கடையைப் பார்த்தார். சின்னவரும் எதிர்க்கடையைப் பார்த்தார். சொந்தக்காரர் யாரும் இல்லை.

போலீஸ்காரர் அபராதப் புத்தகத்தை எடுத்து முன்பக்கம் குனிந்தார். “எண்ணூற்றுப் பதி… ஏழா?”

“பதினொண்ணு!” தெருவின் இரண்டு பக்கமிருந்தும் ஒரே குரல்.

சொன்ன பிறகுதான் இருவரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பெரியவர்தான் முதலில் சுதாரித்தார். “எந்தப் பக்கத்து நம்பரைப் பார்த்து சார் எழுதுறீங்க?”

“முன்பக்கம். ஏன்?”

“முன்பக்கம்னா அது தம்பி பங்கு சார்.”

“பின்னாடியும் ஒண்ணு இருக்கு, அதையும் வந்து பாருங்க சார்!” என்று சின்னவர் ஓடி வந்தார்.

போலீஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காரைச் சுற்றி வந்து பின்பக்கம் குனிந்து இன்னொரு சீட்டு எழுதினார். இரண்டையும் கிழித்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

பெரியவர் தன் சீட்டைப் பார்த்தார். பிறகு எட்டி, சின்னவர் கையில் இருந்ததைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே தொகை. முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி பரவியது. பாகப்பிரிவினைக்குப் பிறகு முதல் முறையாகத் தம்பியோடு நேருக்கு நேர் பேசினார்.

“உன்னோடதுல எட்டு கொஞ்சம் குண்டா இருக்குடா. நல்லாப் பாரு, டூப்ளிகேட்டா இருக்கப்போகுது.”